தோற்ற கேக்கையும் அச்சிடுங்கள்!

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

ரொட்டியும் கேக்கும் சுடக் கற்றுத்தரும் இதழ்களைப் பற்றி ஓர் ஆண்டு மலரில் கருத்துரைக்க என்ன இருக்கிறது என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். அரசியல் ஏட்டுக்கு ஒரு கொள்கை உண்டு. இலக்கிய ஏட்டுக்கு ஒரு நோக்கு உண்டு. அடுப்படி ஏட்டுக்கு என்ன உண்டு என்று கேட்கலாம். ஒன்று உண்டு. அறிந்தவர் அறியாதவருக்கு ஒரு செயலை எழுத்தின் மூலம் கற்றுத்தருவது எப்படி என்ற கேள்விக்கு, அந்த இதழ்கள் தம் பக்க அமைப்பாலேயே ஒரு விடை சொல்கின்றன. அந்த விடை நேர்மையானதுதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வெளிவரும் இத்தகைய இதழ்களைப் பழைய புத்தகக் கடையிலோ கணினித் திரையிலோ புரட்டிப் பார்க்கும் எவரும் ஓர் உண்மையை எளிதில் காண்பர். இதழின் பெயர் மாறும், ஆசிரியர் மாறுவார், அமைப்பு மட்டும் மாறாது.

அட்டையின் அழகு

முதலில் அட்டையைப் பார்ப்போம். அங்கே ஒரே ஒரு பண்டம்தான் அரசு வீற்றிருக்கும். ஒரு பக்கத்துச் சன்னலிலிருந்து வெளிச்சம் சாய்வாக விழும். கேக்கில் ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டிருக்கும்; உள்ளேயுள்ள அடுக்குகள் தெரிய வேண்டும் அல்லவா? அருகில் தற்செயலாகக் கசங்கியதுபோல் ஒரு துணி, தேய்ந்த மரப்பலகை, பழைய முள்கரண்டி, சிதறிய நாலைந்து துணுக்குகள். அந்தத் துணுக்குகள் தாமாக உதிர்ந்தவை அல்ல, அளவோடு உதிர்க்கப்பட்டவை. படப்பிடிப்புக்காக உணவை ஒப்பனை செய்வதற்கென்றே தனிக் கலைஞர்கள் இருக்கின்றனர். பல கேக்குகளைச் சுட்டு, அவற்றுள் முகம் நன்றாக அமைந்த ஒன்றை மட்டும் படக்கருவியின் முன் வைப்பது அத்தொழிலின் வழக்கம்.

பருவங்களுக்கும் அங்கே ஒரு முறை உண்டு. இலையுதிர் காலத்தில் பூசணியும் ஆப்பிளும், டிசம்பரில் பிஸ்கட்டும் கிறிஸ்துமஸ் கேக்கும், வசந்தத்தில் எலுமிச்சையும், கோடையில் பெர்ரிப் பழங்களும் அட்டையேறும். இதழ் அச்சேறுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே வேலை தொடங்கிவிடுவதால், பனி தூவியதுபோல் சர்க்கரை தூவிய கிறிஸ்துமஸ் கேக் பெரும்பாலும் கோடை வெயிலில் சுடப்பட்டதாகவே இருக்கும்! இதில் குற்றம் ஒன்றும் இல்லை. கடையில் கண்ணைக் கவராத இதழ் கையில் ஏறாது. ஆனால் அட்டையை வைத்து ஓர் இதழின் தரத்தை முடிவு செய்வது, மணமேடை அலங்காரத்தை வைத்து இல்லறத்தை எடைபோடுவது போன்றது.

பட்டியல் பிறந்த கதை

இதழின் உயிர் உள்ளே இருக்கிறது. மேலே இரண்டு மூன்று வரியில் ஓர் அறிமுகம். எத்தனை பேருக்கு, எத்தனை நேரம் என்ற விவரம். பயன்படுத்தும் வரிசையிலேயே பொருள்களின் பட்டியல். பிறகு எண்ணிட்ட செய்முறை. நம் வார இதழ்களில் ‘தேவையான பொருட்கள்’, ‘செய்முறை’ என்று காண்கிறோமே, அதுவும் இதே அமைப்புத்தான்.

இது இயற்கையாகவே இருந்துவந்த அமைப்பன்று. பழைய ஆங்கிலச் சமையல் நூல்களில் செய்முறை ஒரே பத்தியாக ஓடும். தேவையான அளவு மாவு, கொஞ்சம் வெண்ணெய், நல்ல சூடு என்று போகும். 1845-இல் எலைசா ஆக்டன் என்ற ஆங்கிலப் பெண்மணி தம் நூலில் ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் பொருள்களின் அளவையும் வேகும் நேரத்தையும் தனியே தொகுத்துத் தந்தார். அடுத்து வந்த இசபெல்லா பீட்டன் பட்டியலைக் குறிப்பின் தலைப்பகுதிக்குக் கொண்டுவந்தார். அவருடைய பெருநூல் 1861-இல் முழு நூலாவதற்கு முன், 1859 முதல் அவர் கணவர் நடத்திய பெண்கள் இதழின் துணை வெளியீடாகப் பகுதி பகுதியாக வந்தது. குறிப்புகளில் பலவற்றை அவர் ஆக்டன் உள்ளிட்ட பிறரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்பது அவர்மேல் உள்ள குறை. ஆயினும் பட்டியலை முன்னே வைத்த பெருமை அவருக்கு உரியது.

1896-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபேனி ஃபார்மர் தம் சமையற்பள்ளி நூலை வெளியிட்டார். பதிப்பாளருக்கு நம்பிக்கை இல்லாததால் முதல் 3,000 படிகளுக்கு ஆன செலவை ஆசிரியரே ஏற்க வேண்டியிருந்தது. குவித்து அளக்காதே, மட்டமாகத் தட்டி அள என்று அவர் வற்புறுத்தினார். கண்மதிப்பு இருந்த இடத்தில் கணக்கு வந்து அமர்ந்தது.

பேக்கிங்குக்கு இந்தக் கணக்கு ஏன் இன்றியமையாதது? குழம்பில் உப்புக் குறைந்தால் கொதிக்கும்போதே சேர்க்கலாம். ஓவனுக்குள் போன கேக்கைச் சுவை பார்த்துத் திருத்த முடியாது. சோடா உப்பு அமிலத்தோடு சேர்ந்து கரியமில வாயுவை வெளிவிடுவதும், அந்தக் குமிழிகளைச் சுற்றி மாவும் முட்டையும் இறுகுவதும் ஒருமுறைதான் நடக்கும். பாத்திரத்தின் அளவுகூடக் கணக்கில் சேரும். 8 அங்குல வட்டத் தட்டுக்குச் சொன்ன மாவை 9 அங்குலத் தட்டில் ஊற்றினால் பரப்பு நூற்றுக்கு 27 அளவில் கூடிவிடும். மாவின் உயரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கேக் வெந்து முடியும் நேரமும் மாறிவிடும். ஆகவேதான் நல்ல இதழ் தட்டின் அளவைத் தவறாமல் அச்சிடுகிறது.

ஒரு கப், மூன்று எடை

ஆனால் இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அமெரிக்க இதழ்கள் நெடுங்காலமாக மாவைக் கப்பில் அளந்து வருகின்றன. ஒரு கப் மைதா என்பது எத்தனை கிராம்? கிங் ஆர்தர் என்ற புகழ்பெற்ற மாவு நிறுவனத்தின் கணக்கில் 120 கிராம். 2015-இல் தொடங்கப்பட்ட ‘பேக் ஃப்ரம் ஸ்க்ராட்ச்’ இதழின் கணக்கில் 125 கிராம். ‘குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழின் கணக்கில் 142 கிராம். மூவரும் பொய் சொல்லவில்லை. மாவைக் கரண்டியால் மெல்லத் தூவி நிரப்பினால் ஓர் எடை. கப்பையே மாவுக்குள் அழுத்தி அள்ளினால் வேறோர் எடை. மூன்று கப் மாவுக்கு வேறுபாடு 66 கிராம் வரை போய்விடும். எடையைச் சொல்லாமல் ‘மூன்று கப்’ என்று மட்டும் அச்சிடும் இதழ், உண்மையில் மூன்று வேறு கேக்குகளுக்கான குறிப்பை அச்சிடுகிறது!

இங்கிலாந்து இதழ்கள் இந்த வகையில் மேலானவை. அங்கே மாவும் சர்க்கரையும் கிராமில் வரும்; ஓவனின் சூட்டைச் சாதாரண ஓவனுக்கு ஒன்று, விசிறி ஓவனுக்கு ஒன்று, எரிவாயு ஓவனுக்கு ஒன்று என்று பிரித்தே தருவார்கள். படிப்பவர் வீட்டில் என்ன இருக்கும் என்று எண்ணிப் பார்த்து எழுதிய வரி அது.

விளம்பரத்தின் நிழல்

கப்பின் குழப்பத்தைக் காட்டிலும் பெரிய தடை விளம்பரம். 1949-இல் நியூயார்க்கில் பில்ஸ்பரி மாவு நிறுவனம் ஒரு பேக்கிங் போட்டியைத் தொடங்கியது. வென்ற குறிப்புகள் சிறு நூல்களாக அச்சாகி வீடுதோறும் சென்றன. 1966-இல் ஹூஸ்டன் நகரத்து எல்லா ஹெல்ஃப்ரிச் என்ற பெண்மணியின் சாக்லேட் கேக் இரண்டாம் பரிசு பெற்றது. நடுவே குழைந்த சாக்லேட் சுரங்கம்போல் நிற்கும் அந்தக் கேக்கைச் சுட நாடே முந்தியது. நடுவில் குழாய் வைத்த ‘பண்ட்’ அச்சுப் பாத்திரம் அதனாலேயே புகழடைந்தது. ஆனால் அந்தக் குறிப்பு, பில்ஸ்பரி விற்ற ஒரு குறிப்பிட்ட பூச்சுப் பொடியை நம்பி நின்றது. பிற்காலத்தில் அந்தப் பொடியின் விற்பனை நின்றபோது, குறிப்பும் செல்லாக்காசாயிற்று. கோக்கோவையும் பொடித்த சர்க்கரையையும் கொண்டு அதை மீண்டும் உருவாக்க வேண்டியிருந்தது. ஒரு நிறுவனத்தின் பொட்டலத்தில் கட்டிவைத்த அறிவு, அந்தப் பொட்டலத்தோடு மறைந்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தோல்வியை எழுதிய இதழ்

இந்த வழக்கங்களிலிருந்து விலகி நடந்த ஓர் இதழும் உண்டு. கிறிஸ்டோஃபர் கிம்பல் 1993-இல் தொடங்கிய ‘குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ வெளியார் விளம்பரம் எதையும் ஏற்கவில்லை. படிப்பவர் தரும் சந்தாவே அதன் வருவாய். அட்டையில் முடிந்த பண்டத்தின் பளபளப்புப் படம் இராது; காயோ கனியோ ஓர் ஓவியமாக இருக்கும். உள்ளே நெடுங்காலம் கருப்பு வெள்ளைப் படங்களும் கோட்டோவியங்களும்தாம். முடிந்த பண்டங்களின் வண்ணப் படங்கள் பின்னட்டையின் உட்பக்கத்தில் ஒதுங்கி நின்றன.

இவற்றை எல்லாம்விடப் புதுமையானது அதன் கட்டுரை முறை. குறிப்புக்கு முன்னால், அதை அடைவதற்குள் எத்தனை முறை தோற்றோம், எதனால் தோற்றோம் என்று எழுதினார்கள். 2007-இன் நவம்பர்–டிசம்பர் இதழில் வந்த ‘பை’ என்ற பழப் பலகாரத்தின் மேலோட்டுக்கான கட்டுரையை எடுத்துக்கொள்வோம். நீர் மிகுந்தால் மாவில் குளூட்டன் இறுகி ஓடு கடினமாகும்; நீர் குறைந்தால் மாவு தேய்க்க வராமல் பிளக்கும். இந்த இரண்டு தோல்விக்கும் நடுவே, நீரில் பாதிக்குப் பதிலாக வோட்காவை ஊற்றும் வழியை அவர்கள் கண்டனர். வோட்காவில் நூற்றுக்கு 40 பங்கு ஆல்கஹால். ஆல்கஹாலில் குளூட்டன் உருவாகாது. ஓவன் சூட்டில் அது பெரும்பாலும் ஆவியாகிவிடும். மாவு நெகிழ்ந்தும் இருக்கும், ஓடு மிருதுவாகவும் வரும். காரணத்தையும் சேர்த்துச் சொன்னதால், அந்தக் கட்டுரையைப் படித்தவர் ஒரு பலகாரத்தோடு ஒரு விதியையும் கற்றுக்கொண்டார். வேதியியல் மாணவனான எனக்கு அது ஒரு செய்முறை வகுப்பாகவே தோன்றியது. அந்த இதழிலும் குறை இல்லாமல் இல்லை. தன் வழியே தலைசிறந்த வழி என்ற தொனி அதில் சற்று மிகுதி. ஆயினும் அந்தத் தொனிக்கு அடியில் சோதனை என்ற அடித்தளம் இருந்தது.

மறுப்பும் விடையும்

“தோல்வியைப் படிக்க யார் காசு கொடுப்பார்கள்? படம் பார்த்து மகிழ்வதும் ஒரு பயன்தானே?” என்று கேட்கலாம். படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ‘பொன்னிறமாகும் வரை’ என்ற இரண்டு சொற்களை விட, அந்தப் பொன்னிறத்தைக் காட்டும் ஒரு படம் நன்றாகக் கற்றுத்தரும். அப்படியானால் கருகிய நிறத்தையும் வேகாத நிறத்தையும் பக்கத்தில் காட்டினால் இன்னும் நன்றாகக் கற்றுத்தரும் அல்லவா? நடுவில் குழிந்த கேக்கின் படத்தை அச்சிட்டு, “ஓவனின் கதவை முன்கூட்டியே திறந்தால் இப்படி ஆகும்” என்று ஒரு வரி எழுதினால், இதழ் ஒன்றும் அழகு குறைந்துவிடாது.

இதை நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. என் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். என் தாய்க்கு இட்லி மாவின் பதம் எழுத்தில்லாமலே தெரியும்; அவருக்கு அவர் தாய் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கும்போது, எழுத்தில் ஒரு வரி விடுபட்டாலும் பெரிய இழப்பில்லை. யாரும் செய்தறியாத ஒன்றைச் செய்யப் புகும்போது எழுத்து மட்டுமே துணை. அங்கே விடுபட்ட ஒரு வரி, அடைத்த ஒரு கதவு. “இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே” என்று எழுதுபவர் விட்டுவிடும் வரி, பெரும்பாலும் முதல் தலைமுறைக்குத் தேவைப்படும் வரியாகவே இருக்கிறது. குழிந்த கேக்கைக் கண்டதும், வழி தெரிந்தவர் ஓவனை ஐயுறுவார். வழி தெரியாதவர் தம்மையே ஐயுறுவார். இது எனக்கில்லை என்று ஒதுங்கிவிடுவார். வெற்றியின் படத்தை மட்டும் காட்டும் இதழ், தன்னை அறியாமலே அவரை வெளியே அனுப்புகிறது.

ஆகவே பேக்கிங் இதழ்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் மூன்று. கப்போடு கிராமையும் அச்சிடுங்கள். எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் பொருளின் பொதுப் பெயரைச் சொல்லுங்கள். பொட்டலத்தின் பெயரை நம்பிக் குறிப்பைக் கட்டாதீர்கள். வென்ற கேக்கை அட்டையில் வையுங்கள். தோற்ற கேக்கையும் அதற்கான காரணத்தையும் உள்ளே வையுங்கள்.

நண்பர்களே, இந்த வேண்டுகோள் அடுப்படி ஏட்டோடு நின்றுவிட வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு இதே கல்லூரிக்குள் நுழையும் தம்பிக்கும் தங்கைக்கும் நாம் எழுதிக் கொடுக்கும் சிறு குறிப்புக்கும் இது பொருந்தும். விண்ணப்பம் நிரப்பும் முறையோ, ஆய்வகத்தில் கரைசல் தயாரிக்கும் முறையோ, எதுவானாலும் அளவைச் சொல்வோம், காரணத்தைச் சொல்வோம், எந்த இடத்தில் கால் இடறும் என்பதையும் சேர்த்தே சொல்வோம். கற்றவர் கல்லாதவருக்குச் செய்யக்கூடிய உதவிகளுள், காசு செலவில்லாத உதவி அது.