நல்ல நேரம் பார்க்க மட்டுந்தானா பஞ்சாங்கம்?

குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பாருங்கள். ராகுகாலம் எண்டதற்காக ஒரு படகும் தாமதிப்பதில்லை. வீட்டில் "ராகுகாலத்தில வெளிக்கிடாதை" எண்டு மறிக்கிற அம்மம்மாவும், படகு வெளிக்கிடப்போகுது எண்டால் ஏறித்தான் இருப்பா. இதைச் சொல்லிச் சிரித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் சிரித்த கையோடு பஞ்சாங்கத்தையும் மூடிவைத்துவிட்டோம். அது எங்கட பிழை.

ராகுகாலக் கணக்கு எளிது. பகலை எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு பங்கை ஒதுக்குகிறார்கள். நாட்காட்டியில் திங்கட்கிழமைக்கு 7.30 முதல் 9 வரை எண்டு இருப்பது, சூரியன் 6 மணிக்கு உதிக்கும் எண்டு வைத்துக்கொண்டு போட்டது. 1996 மே மாதம் இலங்கையின் மணிக்கூட்டை அரசாங்கம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. சூரியன் இதொன்றையும் கேட்கவில்லை. வெறும் மணிக்கூட்டைப் பார்த்துப் பயப்படுவதற்குச் சாத்திரமும் துணை இல்லை.

திதி வேறு கதை. சந்திரன் சூரியனிலிருந்து 12 பாகை விலக ஒரு திதி. வளர்பிறைக்கு 15, தேய்பிறைக்கு 15. சந்திரனின் வேகம் ஒரே சீராக இல்லாததால் ஒரு திதி ஏறத்தாழ 19 மணித்தியாலத்திலும் முடியும், 26 வரையும் நீளும். பழைய வாய்பாட்டில் நிற்கும் வாக்கியமும், இக்கால வானியல் அளவுகளால் திருத்திய திருக்கணிதமும் சிலவேளை முரண்படும். ஆனாலும் இரண்டும் எண்ணுவது வானத்தைத்தான்.

அந்தக் கணக்கில்தான் எங்கட வீடுகள் இறந்தவர்களை நினைக்கின்றன. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு கடலில் மறிக்கப்பட்டு, பெண்கள், குழந்தைகள் உட்படப் பயணிகள் பலர் கொல்லப்பட்டார்கள். ஊர் கூடி விளக்கேற்றுவது மே 15இல். திதி பார்க்கும் வீட்டுக்கோ அது வைகாசித் தேய்பிறையில் ஒரு நாள். சில ஆண்டுகளில் யூன் வரைக்கும் தள்ளிப்போகும். ஒரே சாவுக்கு இரண்டு நாள். ஒன்று ஊருக்கு, மற்றது வீட்டுக்கு. 1990இல் தீவகத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லை. என்ன நடந்தது எண்டே சொல்லப்படாதவருக்கு எந்தத் திதியைக் குறிப்பது?

மே 15ஐ நாட்காட்டி காப்பாற்றும். வீட்டுத் திதிகள் அம்மம்மாக்களின் நினைவில்தான் இருக்கின்றன. அவர்களும் ஒவ்வொருவராய்ப் போகிறார்கள்.

ராகுகாலத்தை விடுவோம், நட்டமில்லை. ஆனால் இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு கொப்பி எடுத்து, ஆருக்கு எந்த மாதம், எந்தப் பிறை, எந்தத் திதி எண்டு கேட்டு எழுதி வைப்போம். நல்ல நேரம் பார்க்கத் தேவையில்லை. இண்டைக்கே கேட்கலாம்.