இரத்தம் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை!

வளைகாப்புக்கு நாள் பார்த்தார்கள். வளையலுக்கு நிறம் பார்த்தார்கள். வகைவகையான சோற்றுக்குச் சுவை பார்த்தார்கள். வளையல் குலுங்கிய அந்தக் கையிலே இரத்த அழுத்தம் எவ்வளவு என்பதை மட்டும் பார்க்கவில்லை!

தலை வலிக்கிறது என்றாள்; கண்ணேறு என்று மிளகாய் சுற்றினர். பார்வை மங்குகிறது என்றாள், பலவீனம் என்றனர். வலிப்பு வந்தது, பேய் என்றனர். பிள்ளை சிறுத்துப் பிறந்தது, தலையெழுத்து என்றனர். அந்தோ! பழி சுமந்தவள் பெற்றவள்.

நாம் கேட்கிறோம்: யார் எழுதிய எழுத்து அது?

அறிவியல் அதைப் படித்துக் காட்டுகிறது. கரு வளரத் தொடங்கும்போது கருப்பையின் சுருள் நாளங்கள் அகன்று, நஞ்சுக்கொடிக்குக் குருதியை வாரி வழங்கவேண்டும். அவை போதிய அளவு அகலாவிட்டால், பிள்ளைக்கு உணவு குறைகிறது, உயிர்வளி குறைகிறது, வளர்ச்சி குன்றுகிறது. வாடிய நஞ்சுக்கொடியிலிருந்து கசியும் பொருள்கள் தாயின் இரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. 20 வாரங்களுக்குப் பின் அழுத்தம் 140/90-ஐத் தொடுகிறது. சிறுநீரில் புரதம் தோன்றுகிறது. பிரீஎக்லாம்ப்சியா என்பது இதுதான். சிறுத்த குழந்தைகள் எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் அன்று. ஆயினும் அளந்தால் அறியக்கூடிய காரணம் இது.

அளக்கும் வழியை ஆண்டவன் அருளவில்லை, ஆராய்ந்தவர் அளித்தனர். வலிப்புற்ற கர்ப்பிணிகளின் சிறுநீரில் புரதம் இருப்பதை 1843-இல் இலண்டனில் ஜான் லீவர் கண்டறிந்தார். கையிலே பட்டை சுற்றி அழுத்தம் அளக்கும் கருவியை 1896-இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி தந்தார். மக்னீசியம் சல்பேட் வலிப்பின் ஆபத்தைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கிறது என்பதை, 33 நாடுகளில் பதினாயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வு 2002-இல் மெய்ப்பித்தது. மந்திரித்த கயிறு எந்த ஆய்வில் வென்றது?

"எங்கள் பாட்டி பத்துப் பெற்றாளே, எந்தக் கருவி பார்த்தாள்?" என்பர் பழமைவாதிகள். பிழைத்த பாட்டி பேசுகிறாள், மாண்டவள் பேசுவாளா? வயிற்றுச் சுமையோடு மாண்டவளுக்காக ஊர்ச் சாலையோரம் நட்ட சுமைதாங்கிக் கற்களைக் கேளுங்கள், அவை பேசும்!

கொடுமையின் உச்சி ஒன்றுண்டு. "அழுத்தம் அடங்கவில்லை, பிள்ளை வளரவில்லை, இனிக் காத்திருப்பது ஆபத்து" என்கிறார் மருத்துவர். மருந்து அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும். நோய் விலகத் தொடங்குவதோ நஞ்சுக்கொடி வெளியேறிய பின்னரே. அந்த வேளையிலே, "எட்டாம் மாதப் பிள்ளை தங்காது, அமாவாசை கழியட்டும்" என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறது குடும்பம்! இராகுகாலம் முடியும்வரை இரத்தம் காத்திருக்குமா?

எட்டாம் மாதத்துக்கு என்று தனிச் சாபம் எதுவும் இல்லை. கருப்பையில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம். ஆனால் பட்டினி போடும் கருப்பையில் அதே வாரம் பகையாகிறது. இரண்டையும் எடைபோட்டுச் சொல்லவேண்டியவர் மருத்துவர்; சோதிடர் அல்லர்.

தோழர்களே! மேடையில் மூடநம்பிக்கையைச் சாடிவிட்டு, வீட்டில் தமக்கையின் பிரசவத்தைப் 'பெண்கள் விவகாரம்' என்று ஒதுக்குவது பகுத்தறிவு ஆகாது. ஒவ்வொரு மாதமும் அவளை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அழுத்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முந்திய பேற்றில் இந்நோய் கண்டவள் என்றால், தொடக்கத்திலேயே சொல்லுங்கள். சிறிதளவு ஆஸ்பிரின் வேண்டுமா என மருத்துவர் முடிவு செய்வார். பிள்ளை பிறந்தபின்னும் அளக்கச் சொல்லுங்கள். வலிப்பு அப்போதும் வரும்.

வளைகாப்பு வேண்டுமா? நடத்துங்கள். ஆனால் அந்தக் கை காணும் முதல் வளையல், அழுத்தம் அளக்கும் பட்டையாக இருக்கட்டும்!