கணித ரீச்சர் இல்லையெண்டால் யாரைக் கேட்பது?

வன்னியில ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்க ஆள் இல்லை எண்டு வையுங்கோ. அதிபர் கோட்டத்துக்கு எழுதுவார். கோட்டம் வலயத்துக்கு, வலயம் மாகாணத்துக்கு. மாகாணம் கொழும்பைக் காட்டும். கொழும்போ 'அது மாகாணப் பாடசாலைதானே' எண்டிடும். அதற்குள் பிள்ளை சாதாரண தரமும் எழுதி முடிச்சிடும்.

1987இல் வந்த 13ஆம் திருத்தம் பெரும்பாலான பாடசாலைகளை மாகாண சபைகளிடம் கொடுத்தது. பாடத்திட்டம், பரீட்சை, தேசிய பாடசாலைகள், காசில் பெரும்பகுதி எல்லாம் மத்தியிடமே. வடக்கில் 2018 ஒக்டோபரோடு சபையின் காலமும் முடிஞ்சுது. பிறகு ஆளுநர்தான். நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பின ஒருத்தர்கூட அங்கே இல்லை, கேள்வி கேட்க.

மத்தி கை வைச்சால் சரியாகுமா? 1000 தேசிய பாடசாலைகள் எண்டு ஒரு திட்டம் வந்ததே. தேசிய பாடசாலை எண்ட பெயர்ப்பலகை கணித ரீச்சரைக் கொண்டுவராது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வேறு, கெட்டிக்காரப் பிள்ளையளைப் பெரிய பள்ளிக்கூடங்களுக்கு அள்ளிக்கொண்டு போகுது. மிச்சமிருக்கிற சின்னப் பள்ளிக்கூடத்துக்குத்தான் 'பின்தங்கியது' எண்ட பட்டம்.

அதிகாரம் மாகாணத்திடமே இருக்க வேணும் எண்டதில் எங்களுக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் மாகாணத்துக்குள் நடக்கிற இடமாற்றத்துக்குக் கொழும்பைத் திட்டேலாது. சிபாரிசு பிடிச்சு நகரத்தோடயே நிற்கிற ஆசிரியர்களை வன்னிக்கு அனுப்புற பேனை மாகாணத்தின் கையில்தான் இருக்கு.

எங்கட கோரிக்கை சின்னது. ஒவ்வொரு தவணையும் எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை, அதை நிரப்பக் கையொப்பமிட வேண்டிய அதிகாரி யார் எண்டு வலயக் கல்விப் பணிமனை வாசலில் ஒட்டுங்கோ.