மரக்கன்று மட்டும் போதாது

சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். திண்டிவனம் பக்கம் காய்ச்சல் பரவினால் முதலில் ஏரியைத்தான் திட்டுவார்கள். ஏரி என்ன செய்யும்? மீன் துள்ளும் ஏரியில் கொசுப்புழு அவ்வளவாகத் தேறாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, கரையில் நாம் வீசிய டயரிலும் தேங்காய்த் தொட்டியிலும் பிளாஸ்டிக் கப்பிலும் தேங்கும் மழைநீரில்தான் வளர்கிறது. அதன் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழைக்குப் பொரியும். பத்து நாளுக்குள் கொசு பறந்துவிடும்.

2024 ஃபெஞ்சல் புயலில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. விழுப்புரத்தில் தன்னார்வலர்கள் சோறும் பாயும் கொண்டு ஓடினார்கள். நல்ல காரியம். வெள்ளம் வடிந்தபின் டயர் பொறுக்கவும் அதே ஆட்கள் வேண்டும்.

இப்படி ஊர் ஆட்களைச் சேர்த்துச் செய்யும் வேலைக்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. மரக்காணம் அருகே நடுக்குப்பத்தில், ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் வனக் குழுவினர் பள்ளிப் பிள்ளைகளையும் பெண்கள் குழுக்களையும் சேர்த்துக்கொண்டு மூலிகைத் தோட்டமும் சுற்றுச்சூழல் கல்வியும் வளர்த்தார்கள். அந்த வட்டாரத்துக் கழுவேலி ஈரநிலம் 2021இல் பறவைகள் சரணாலயமானது.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் 7 நாள் முகாமிலோ கன்று நடுகிறோம், படம் எடுக்கிறோம், கிளம்பிவிடுகிறோம். (தண்ணீர் யார் ஊற்றுவது என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள்.) கல்லூரி முதல்வர்களே, அதில் 2 நாளையாவது ஆரம்ப சுகாதார நிலையத்தின் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களோடு ஏரிக்கரைக்கு ஒதுக்குங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே ஒதுக்குங்கள்.