கலைத்த கையே அடுக்கட்டும்

பெண்ணை வீட்டின் விளக்கு என்பர் பெரியோர். அந்த விளக்கின் கையில் எந்நேரமும் துடைப்பமும் இருக்க வேண்டும் என்று யார் சொன்னார்களோ, தெரியவில்லை!

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கென்று ஓர் அறை உண்டு. அதை அறை என்பதா, கிடங்கு என்பதா? கட்டிலின் மேல் ஈரத்துண்டு; கீழே ஒற்றைக் காலுறை; மேசையில் மூடியில்லாத ஜியாமெட்ரி பெட்டி; மூலையில் கிரிக்கெட் மட்டை. இவற்றில் பெரும்பாலானவை ஆறாம் வகுப்புப் படிக்கும் என் தம்பியுடையவை. ஆனால், "அறை எப்படிக் கிடக்கிறது, பார்!" என்று அம்மா குரல் கொடுப்பது என்னிடம்தான். அரையாண்டுத் தேர்வின்போது ஒரு நாள் அனைத்தையும் அடுக்கி முடித்தபோது இரவு மணி ஒன்பது. தம்பி படித்துவிட்டு உறங்கிவிட்டான். நானோ அப்போதுதான் கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன். தோழியரிடம் சொன்னபோது, பலர் வீட்டிலும் இதே கதை என்று அறிந்தேன்.

"சிறு பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்பர் சிலர். இதற்கு இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார் என்றோ விடை கண்டுவிட்டார். 1907ஆம் ஆண்டில் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் பகுதியான சான் லொரென்சோவில் அவர் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே பொருள்களை ஆசிரியை அலமாரியில் பூட்டி வைப்பார். ஒரு நாள் பூட்ட மறந்துவிட்டார். குழந்தைகள் தாங்களே வேண்டியதை எடுத்து வேலை செய்யத் தொடங்கினர். ஆசிரியை அதைக் குற்றமாக நினைத்தார். அம்மையாரோ, இவர்களுக்குத் தம் தேவை தெரிகிறது என்று மகிழ்ந்தார். அதன்பின் குழந்தைகளின் கைக்கெட்டும் தாழ்வான அலமாரிகள் வந்தன. எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது, ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எல்லாக் குழந்தைகளின் வேலையாயிற்று. இதே அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். ஐந்து வயதுக் குழந்தையால் முடிவது பதினொரு வயதுத் தம்பியால் முடியாதா?

நடுநிலையோடு சொன்னால், குற்றம் தம்பியுடையது மட்டுமன்று. எங்கள் அலமாரித் தட்டு அவனுக்கு எட்டாது. காலுறைக்கென்று ஓர் இடமும் இல்லை. இடமில்லாத பொருள் தரையில் கிடக்காமல் எங்கே போகும்? விருந்தினர் வந்தால் எல்லாவற்றையும் கட்டிலுக்கடியில் தள்ளுகிறவளும் நானே!

ஆகவே விடுமுறையில் அப்பாவின் உதவியோடு தம்பியின் தோளுயரத்தில் நான்கு கொக்கிகள் அடித்தோம். செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டிகளில் பெயர் எழுதி ஒட்டினோம். கனமான புத்தகங்களைக் கீழ்த்தட்டில் வைத்தோம். "இனி உன் பொருளை நான் தொடமாட்டேன்" என்று தம்பியிடம் அறிவித்தேன். "பாவம், ஆண் பிள்ளை!" என்றார் அம்மா. நான் அசையவில்லை. பள்ளி திறந்த அன்றே அவன் ஒரு காலுறையைக் காணாமல் வீடு முழுவதும் தேடி, வெறுங்காலில் ஷூவை மாட்டிக்கொண்டு ஓடினான். மறுநாள் முதல் காலுறை பெட்டிக்குள் போகத் தொடங்கியது. இன்றும் சில நாள் மறக்கிறான். ஆனால் எடுத்து வைப்பவன் அவனே. யாரும் சொல்லாமலே அப்பாவும் தம் சட்டையைத் தாமே மாட்டத் தொடங்கிவிட்டார்!

தனியறை இல்லாத வீடுகளே நம்மில் அதிகம். அதனால் என்ன? ஒரு மூலையும் ஒரு பெட்டியும் போதும். ஆனால் அது பிள்ளைக்கு எட்டும்படி இருக்க வேண்டும்.

அன்புள்ள பெற்றோரே! ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது மகளுக்கு மட்டும் சொன்ன பழமொழியன்று. மகனுக்கும் ஓர் இடம் கொடுங்கள்; அதை அடுக்கும் பொறுப்பையும் கொடுங்கள். தோழியரே! நம் பொருளை நாமே அடுக்குவோம். தம்பியின் பொருளை அவனுக்கே விட்டுவைப்போம். அதுவே அவனுக்கு நாம் செய்யும் உண்மையான உதவி!

– பத்தாம் வகுப்பு மாணவி