டக்கோட்டா: ஒரு விமானத்தை எதைக்கொண்டு அளப்பது?

சோதினை நெருங்குகிற நேரம் பார்த்துப் பழைய விமானங்களின் வீடியோக்களைத் தேடித்தேடிப் பார்க்கிற பழக்கம் எங்களில் சிலருக்கு இருக்கு. அதில் அடிக்கடி வருவது டக்ளஸ் டிசி-3. பிரித்தானியர் அதற்கு வைத்த பெயர் டக்கோட்டா. எங்கட பழைய ஆக்களுக்கும் அந்தப் பெயர்தான் தெரியும். வீடியோக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கதையைச் சொல்கின்றன: கெட்டிக்கார எஞ்சினியர்கள், அழகான இயந்திரம், வானத்தை வென்ற மனிதன். நாங்கள் கலைப்பீடத்து ஆக்கள். குதிரைவலுக் கணக்கு எங்களுக்கு அவ்வளவாக ஏறாது. ஆனால் ஒரு கதையில் யார் விடுபட்டுப் போகிறார்கள் என்று கேட்கப் பழகியிருக்கிறம்.

கதை ஒரு விபத்தில் தொடங்குகிறது. 1931 மார்ச்சில் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு ஃபொக்கர் விமானம் விழுந்தது. அதன் மரச் சிறகு உக்கிப்போயிருந்தது. இறந்தவர்களில் ஒருவர் நூட் ரொக்னி என்ற புகழ்பெற்ற உதைபந்தாட்டப் பயிற்றுநர். நாடே அதிர்ந்தது; மர விமானத்தில் ஏறவே சனம் பயந்தது. அடுத்ததாக போயிங் 247 வந்தது. முழுக்க உலோகம், பத்துப் பேர் போகலாம். ஆனால் முதல் அறுபது விமானங்களையும் யுனைட்டட் நிறுவனம் தனக்கென்று பிடித்துவைத்துவிட்டது. போட்டி நிறுவனமான டிடபிள்யூஏயின் ஜக் ஃபிறை, 1932இல் வேறு விமானம் கட்டித் தரச்சொல்லிக் கடிதம் எழுதினார். கலிஃபோர்னியாவில் இருந்த டொனால்ட் டக்ளஸ் அந்த வேலையை எடுத்தார். டிசி-1 வந்தது. பிறகு 14 பேர் போகக்கூடிய டிசி-2 வந்தது.

அமெரிக்கன் எயர்லைன்ஸின் தலைவர் சி. ஆர். ஸ்மித்துக்கு அதுவும் காணாது. பயணிகள் இரவில் படுத்துக்கொண்டே போக வேணும் என்றார். டிசி-2 நல்லா விற்றுக்கொண்டிருந்தபடியால் டக்ளஸுக்கு முதலில் விருப்பமில்லை. ஸ்மித் விடவில்லை. படுக்கை கொள்ளுமளவுக்கு உடலை அகலமாக்கினார்கள். 1935 டிசெம்பர் 17இல் அது முதன்முதலாகப் பறந்தது. ரைட் சகோதரர்கள் பறந்து சரியாக 32 வருடங்கள்.

படுக்கை போட்டால் 14 பேர். படுக்கையை எடுத்துக் கதிரை போட்டால் 21 பேர்! எங்களுக்கு இந்தக் கதையில் முக்கியமான இடம் இதுதான். டிசி-2ஐ விட ஏழு கதிரை கூட, ஆனால் ஓட்டுகிற செலவு அந்த அளவுக்குக் கூடவில்லை. அதுவரை அமெரிக்க விமான நிறுவனங்கள் தபால் ஏற்றுவதற்கு அரசு கொடுத்த காசில்தான் பெரும்பாலும் உயிர்வாழ்ந்தன. ஆக்களை மட்டும் ஏற்றியும் இலாபம் பார்க்கலாம் என்று காட்டியது டிசி-3. அதாவது, அதுவரை கடிதக்கட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போன பயணிதான் இனி விமானத்தைத் தாங்கும் ஆள். அது எவ்வளவு வேகமாகப் போனது என்பதைவிட, இந்த மாற்றம்தான் வரலாறு.

சரி, எந்தப் பயணி? ரிக்கெற் வாங்க வசதியுள்ளவர். அமெரிக்காவின் தென்மாநில விமான நிலையங்களில் கறுப்பின மக்களுக்குத் தனி இடம் ஒதுக்கிய காலம் அது. விமானப் பணிப்பெண் கலியாணம் கட்டாதவராக, தாதிப் பயிற்சி பெற்றவராக, மெல்லிய உடம்போடு இருக்க வேணும் என்று நிறுவனங்கள் சட்டம் போட்ட காலமும் அதுதான். வீடியோக்களில் இந்த ஆக்கள் வருவதில்லை. வந்தாலும் சிரித்துக்கொண்டு கோப்பி ஊற்ற மட்டும் வருகினம்.

பிறகு யுத்தம். பயணிகளுக்காகக் கட்டியது அறுநூறுக்குச் சற்று மேல்தான். இராணுவத்துக்காகப் பத்தாயிரம் அளவில் கட்டினார்கள். சோவியத்திலும் ஜப்பானிலும் கட்டியதையும் சேர்த்தால் 16,000க்கு மேல். நோர்மண்டியில் பரசூட் படையினரை இறக்கியது இதே விமானம். காயப்பட்டவர்களை ஏற்றி வந்ததும் இதே விமானம். 1948இல் முற்றுகைக்குள் இருந்த பேர்லினுக்கு மாவும் நிலக்கரியும் கொண்டுபோனவற்றிலும் இது இருந்தது. 1960களில் வியட்னாமில் அதன் பக்கவாட்டில் மூன்று இயந்திரத் துப்பாக்கிகளைப் பூட்டிச் சனம் இருந்த நிலத்தைச் சுட்டார்கள். படுத்துக்கொண்டு போகக் கட்டிய விமானம்!

இதை வாசிக்கும்போது எங்களுக்குப் புதினமாக இருக்கவில்லை. சாமான் ஏற்றுகிற விமானத்திலிருந்தும் குண்டு விழும் என்பதை அம்மாமார் சொல்லிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். 'சகடை' என்ற சொல் இன்றைக்கும் வீட்டில் வந்தால் கதை கொஞ்ச நேரம் நின்றுதான் போகும்.

ஆனால் எங்களிடம் இன்னொரு கதையும் இருக்கு. 1947 டிசெம்பர் 10இல் எயார் சிலோன் தன் முதற்சேவையைத் தொடங்கியது ஒரு டக்கோட்டாவில். ரத்மலானையிலிருந்து பலாலி ஊடாக மெட்ராஸ். சுதந்திரத்துக்கு முதலே இந்த நாட்டின் வான்பாதை யாழ்ப்பாணத்தைத் தொட்டுத்தான் போயிருக்கு. பிறகு பலாலி படைத்தளமாகியது, சுற்றியிருந்த ஊர்ச்சனம் இடம்பெயர்ந்தது. 2019இல்தான் சென்னைக்குத் திரும்பவும் விமானம் பறந்தது. சுற்றியுள்ள காணிகளுக்கு இன்னும் திரும்ப முடியாத ஆக்கள் இருக்கினம்.

டிசி-3ஐ வெறுக்கச் சொல்லி இதை எழுதவில்லை. இரண்டு எஞ்சினும் ஒன்றன்பின் ஒன்றாக இருமிக்கொண்டு உயிர்பெறுகிற சத்தம் எங்களுக்கும் பிடிக்கும். அந்த அழகோடு நின்றுவிட வேண்டாம் என்பதுதான் எங்கட கருத்து. ஒரு விமானம் எவ்வளவு உயரம் போனது என்று கேட்கிறதோடு, யாரை ஏற்றியது, யாரை இறக்கிவிட்டது, அதன் ஓடுபாதைக்கு யாருடைய காணி போனது என்றும் கேட்போம். கேட்டால் வீடியோ கொஞ்சம் நீளும். நீளட்டும்.