நடுவரை எதனால் அளப்பது?

இலக்கியம் பேசும் இடத்தில் கிரிக்கெட் நடுவர்களுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். ஒரு கவிதை நன்றா தீதா என்று சொல்ல ஒருவாரம் அவகாசம் கேட்கும் நம்மவர்கள், ஒரு நடுவர் நல்லவரா தீயவரா என்று சொல்ல ஒரு நொடியும் கேட்பதில்லை. 'குருடன்' என்பார்கள், இல்லையேல் 'காசு வாங்கிவிட்டான்' என்பார்கள். தேனியின் டீக்கடை முதல் கல்லூரி ஆசிரியர் ஓய்வறை வரை, நடுவரைப் பற்றிய நம் விமரிசனக் கலைச்சொற்கள் இவ்விரண்டோடு முடிந்துவிடுகின்றன. முன்னது கண்ணைப் பற்றியது; பின்னது ஒழுக்கத்தைப் பற்றியது. இரண்டும் வேறு வேறு என்பதையே நாம் மறந்துவிட்டோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு. பிழையான தீர்ப்பு ஒன்று, பிழையான நடத்தை மற்றொன்று. முன்னதை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட கூட்டம், ஒறுக்கத் தகாதவரை ஒறுக்கும். ஒறுக்கத் தக்கவரை விட்டுவிடும்.

நம் பற்றும் பகையும் குறுக்கிடாத ஓர் ஆட்டத்திலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்கர்களின் பேஸ்பாலில் எதிரணியின் மட்டையாளர் ஒருவரும் தளத்தை எட்டாதபடி, அடுத்தடுத்து 27 பேரையும் ஒரே பந்துவீச்சாளர் வீழ்த்திவிட்டால் அதை நிறை ஆட்டம் என்பார்கள். 2010 ஜூன் வரை அங்கே அது இருபதே முறை நிகழ்ந்திருந்தது. அவ்வாண்டு ஜூன் 2 அன்று டெட்ராய்ட் அணியின் அர்மாண்டோ கலராகா 26 பேரை வீழ்த்திவிட்டார். இருபத்தேழாமவர் முதல் தளத்தை எட்டும் முன்பே பந்து அங்கே வந்துவிட்டது. நடுவர் ஜிம் ஜாய்ஸ் அவர் ஆட்டமிழக்கவில்லை என்று கைவிரித்தார். ஆட்டம் முடிந்தபின் பதிவைப் பார்த்த ஜாய்ஸ், அந்த இளைஞனின் நிறை ஆட்டத்தைத் தாமே பறித்துவிட்டதாகச் செய்தியாளர்களிடம் ஒப்புக்கொண்டார். கலராகாவை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்டார். மறுநாளும் ஜாய்ஸ் நடுவராக நின்றார். அணிப் பட்டியலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தவர் கலராகா. ஜாய்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டார். சில நாட்களில் வீரர்களிடையே ஈஎஸ்பிஎன் நடத்திய வாக்கெடுப்பில் நாட்டின் சிறந்த நடுவராக முதலிடம் பெற்றவர் அதே ஜாய்ஸ்.

இனி மற்றொருவர். பாட் ஹோபர்க் என்னும் நடுவர், 2022 உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் மட்டையாளர் ஆடாமல் விட்ட 129 பந்துகளுக்கும் ஒரு பிழையும் இல்லாமல் தீர்ப்பளித்தார் என்று கணக்கெடுப்போர் வியந்தார்கள். கண்ணின் கூர்மைக்கு அதற்குமேல் சான்று வேண்டியதில்லை. அவரை 2025 பிப்ரவரியில் பணிநீக்கம் செய்தார்கள். தம் பந்தயக் கணக்குகளை, பேஸ்பால் ஆட்டங்களிலும் பணம் கட்டிவந்த நண்பர் ஒருவரோடு பகிர்ந்துகொண்டார் என்பதும், அந்நண்பருடனான செய்திப் பரிமாற்றங்களை அழித்தார் என்பதும் காரணம். அவரே பேஸ்பாலில் பந்தயம் கட்டியதற்கோ, ஆட்டத்தின் போக்கை மாற்றியதற்கோ சான்றில்லை என்றும் சொன்னார்கள். இருந்தும் நீக்கினார்கள். என் கணிப்பில் அது முற்றிலும் சரி. பெரும்பிழை செய்த ஜாய்ஸ் நல்ல நடுவர். ஒரு பிழையும் செய்யாத ஹோபர்க் நடுவராக இருக்கத் தகாதவர். இவ்விரண்டையும் ஒரே மூச்சில் ஏற்றுக்கொள்ள முடியாதவர் நடுவரை அளக்கத் தொடங்கவே கூடாது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கக்கூடாது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூருக்கு மேலே மலையுச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரை முழுநிலவு நாளில் மக்கள் திரண்டு ஏறுகிறார்கள். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் செய்ததைவிடப் பெரிய நடுவர் பிழை எது? பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்டு, குற்றம் சாட்டப்பட்டவனை ஒரு சொல்லும் வினவாமல் கொலைத்தண்டனை விதித்தான். கண்ணகி சான்றோடு வந்து மேல்முறையீடு செய்தாள்: அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் பாண்டியன் அவைக்களத்தாரைத் துணைக்கு அழைக்கவில்லை; பொற்கொல்லன்மேல் பழியைத் தள்ளவில்லை. பிழை தனது என்றான். நடுவர்கள் உயிர்விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் பாண்டியனை நாம் இன்றும் அரசன் என்று மதிப்பது அவன் தீர்ப்புக்காக இல்லை, தீர்ப்புக்குப் பிந்தைய நடத்தைக்காக என்பதை வகுப்பறையில் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாலையில் தொலைக்காட்சி முன் அமர்ந்ததும் மறந்துவிடுகிறோமே, அதைத்தான் கேட்கிறேன்.

2008 ஜனவரியின் சிட்னி டெஸ்டை எடுத்துக்கொள்வோம். 30 ஓட்டத்தில் இருந்த ஆண்ட்ரூ சைமண்ட்ஸின் மட்டையில் உரசிய பந்தை தோனி பிடித்தார். ஸ்டீவ் பக்னர் ஆட்டமிழப்புத் தரவில்லை. சைமண்ட்ஸ் ஆட்டமிழக்காமல் 162 எடுத்தார். இரண்டாம் இன்னிங்ஸில் மட்டையில் படாத பந்துக்கு திராவிடை வெளியேற்றினார். இந்தியா 122 ஓட்டங்களில் தோற்றது. நாடு கொதித்தது. இந்திய வாரியம் எதிர்ப்புத் தெரிவிக்க, ஐசிசி பக்னரை அடுத்த பெர்த் டெஸ்டிலிருந்து விலக்கி பில்லி பௌடனை நிறுத்தியது. நூறு டெஸ்டுகளில் நின்ற முதல் நடுவர் அவர். 1992 முதல் 2007 வரை ஐந்து உலகக் கோப்பை இறுதியாட்டங்களில் நின்றவர். அவருடைய பிழைகள் உண்மையானவை. 2020இல் அவரே அவற்றை ஒப்புக்கொண்டார். ஆனால் இதே பிழைகள் ஜிம்பாப்வேக்கு எதிராக நிகழ்ந்திருந்தால் தொடரின் நடுவே ஒரு நடுவர் மாற்றப்பட்டிருப்பாரா? அங்கே எடைபோடப்பட்டது பக்னரின் பிழை இல்லை, பாதிக்கப்பட்டவரின் பணபலம். பணபலத்துக்குப் பணிந்து நடுவரை மாற்றுவது நீதி என்றால், நாளை அதே பலத்துக்குப் பணிந்து தீர்ப்பை மாற்றும் நடுவரை எந்த வாயால் பழிப்போம்?

இதைவிட வேடிக்கை பின்னால் வந்தது. பிழைகளைக் களைவதற்கென்றே மறுபரிசீலனை முறை 2008 ஜூலையில் இலங்கையில் இந்தியாவின் தொடரிலேயே சோதிக்கப்பட்டது. சிட்னியில் உரக்க அழுத அதே இந்திய வாரியம், ஐசிசி போட்டிகள் நீங்கலாக இருநாட்டுத் தொடர்களில் அம்முறையை 2016 நவம்பர் வரை ஏறத்தாழ மறுத்தே வந்தது. தொழில்நுட்பம் நூற்றுக்கு நூறு சரியாக இல்லையாம். மனிதரிடமும் முழுமை கேட்டார்கள், இயந்திரத்திடமும் முழுமை கேட்டார்கள். தம்மிடம் மட்டும் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

டாரல் ஹேர் பெயரைச் சொன்னால் தமிழ் வாசகர்களுக்கு இன்றும் இரத்தம் சூடேறும். 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில், கண்டியில் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரனின் பந்துகளை எறிதல் என்று மூன்று ஓவர்களில் ஏழுமுறை நோபால் கொடுத்தவர். என் கருத்து நண்பர்களுக்குக் கசக்கும்: அன்று நோபால் கொடுத்ததற்காக ஹேரை வெறுப்பது தவறு. எறிதல் என்று உள்ளபடியே நம்பும் நடுவர் அதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் கண் பிழைத்திருக்கலாம், அவ்வளவே. கை வளைவுக்கு 15 பாகை வரம்பு 2005இல்தான் வந்தது. அவரை வெறுக்கச் சரியான காரணங்கள் பின்னால் வந்தன. பணியில் இருந்துகொண்டே 1998இல் வெளியிட்ட நூலில் முரளியின் பந்துவீச்சைக் கடுஞ்சொல்லால் சாடினார். நாளை தாம் தீர்ப்புச் சொல்லவேண்டிய ஒருவரைப் பற்றி இன்றே நூலில் தீர்ப்பெழுதியவர் நடுவில் நிற்பவர் ஆகார். 2006 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் பந்தைச் சேதப்படுத்தியதாகப் பாகிஸ்தானுக்கு ஐந்து ஓட்டத் தண்டம் விதித்தார். அவர்கள் களம்வர மறுக்க, ஆட்டம் இங்கிலாந்துக்கு அளிக்கப்பட்டது. டெஸ்ட் வரலாற்றில் முதல்முறை. அதுவும் அவர் அதிகாரத்துக்கு உட்பட்டதே. ஆனால் சில நாட்களில், 5 லட்சம் அமெரிக்க டாலர் தந்தால் விலகிக்கொள்கிறேன் என்று ஐசிசிக்கு மின்னஞ்சல் எழுதினார். அந்த மின்னஞ்சலில்தான் ஹேர் என்னும் நடுவர் வீழ்ந்தார். நாமோ முரளிக்காக அவரை வைதோமே தவிர, இந்த இரண்டையும் போகிறபோக்கில் ஒரு கிசுகிசுவாகக் கடந்துவிட்டோம்.

அயலாரைக் குறைசொன்னது போதும். 2019 ஏப்ரல் 11, ஜெய்ப்பூர். சென்னை அணியின் கடைசி ஓவரில் ஒரு நடுவர் நோபாலுக்குக் கையுயர்த்தினார். உடன் நின்றவர் இல்லையென்றதும் தாழ்த்தினார். குழப்பம்தான், மறுக்கவில்லை. ஏற்கெனவே ஆட்டமிழந்து எல்லைக்கு வெளியே இருந்த தோனி மைதானத்துக்குள் நடந்துவந்து நடுவர்களோடு வாதிட்டார். ஆட்ட ஊதியத்தில் பாதி அபராதம், அவ்வளவே. அன்று நம் மாநிலத்தில் எத்தனை பேர் அது தவறென்று சொன்னார்கள்? 'தல கேட்டதில் என்ன தப்பு' என்றார்கள் என் மாணவர்கள். என் சக ஆசிரியர்களும் அதையே சொன்னார்கள். அபராதத்தைச் சில மணித்துளிகளில் ஈட்டிவிடக்கூடிய ஒரு நாயகன், அவனோடு ஒப்பிடச் சிறிய ஊதியம் பெறும் ஒரு நடுவரைக் களத்தில் வந்து அதட்டுவதை வீரம் என்று கைதட்டும் கூட்டத்துக்கு, நடுவர்கள் பெரிய அணிகளுக்குச் சாய்கிறார்கள் என்று குறைசொல்ல என்ன உரிமை?

இனி எல்லாவற்றையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பாரும் உளர். ஓரளவு உண்மை. ஐபிஎல்லில் கோடு தாண்டும் நோபாலை 2020 முதல் தொலைக்காட்சி நடுவர் பார்க்கிறார். 2023 முதல் வைடுக்கும் மேல்முறையீடு உண்டு. அமெரிக்க பேஸ்பாலும் 2026 பருவத்துக்கு இயந்திர மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டது. இயந்திரம் எடுத்துக்கொள்வது கண்ணின் வேலையை மட்டுமே. இரு தரப்புக்கும் ஒரே அளவு, மிரட்டலுக்கு அசையாமை, ஆட்டக்காரர் எவரோடும் உறவு பேணாமை, பிழை தெரிந்தபின் ஒளியாமை என்னும் இந்நான்கையும் எந்தக் கேமராவும் செய்யாது. கண்ணின் சுமை குறையக் குறைய, நடத்தையே நடுவரின் முழுத் தகுதியாகிறது. 2013 ஐபிஎல்லில் நின்ற ஆசாத் ரவூஃப், சூதாட்டத் தரகர்களிடம் பரிசுப் பொருள்கள் பெற்றதாக 2016இல் இந்திய வாரியம் ஐந்தாண்டுத் தடை விதித்தது. அதை எந்த மறுபரிசீலனை முறை கண்டுபிடித்திருக்கும்?

ஆகவே வாரியங்களிடம் கேட்கவேண்டியது வேறு. ஆட்டம் முடிந்ததும் அணித்தலைவர்கள் நடுவரைப் பற்றித் தரும் அறிக்கை பூட்டிய அறைக்குள் போகிறது. ஒருவர் ஏன் உயர்ந்தார், ஏன் இறக்கப்பட்டார் என்பது எவருக்கும் தெரிவதில்லை. அமெரிக்கக் கூடைப்பந்துக் கழகமான என்பிஏ, 2015 முதல் நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரு நிமிடத் தீர்ப்புகளை, சரி எது பிழை எது என்று தானே வெளியிட்டுவருகிறது. கோடைதோறும் பெரியகுளத்தில் அகில இந்தியக் கூடைப்பந்து பார்த்து வளர்ந்த மாவட்டத்துக்காரன் என்னும் உரிமையில் கேட்கிறேன்: உலகின் செல்வமிகு கிரிக்கெட் வாரியத்துக்கு அதைச் செய்ய என்ன தடை? கீழ்நிலையும் அப்படித்தான். 2022இல் வாரியம் நடத்திய நடுவர் தேர்வில் 140 பேரில் தேறியவர் மூவரே என்று செய்தி வந்தது. விடைத்தாள் திருத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு முடிவு வந்தால் முதலில் விசாரிக்கவேண்டியது மாணவரை இல்லை, பயிற்றுவித்தவரை. நம் வெங்கட்ராகவன் 73 டெஸ்டுகளில் நின்று 2004இல் ஓய்வுபெற்றபின், ஐசிசியின் உயர்நிலைப் பட்டியலில் மற்றோர் இந்தியர் இடம்பெற 2015 வரை காத்திருக்க நேர்ந்தது இதனால்தான் என்பேன்.

எங்கள் பக்கத்து ஊர்களில் டென்னிஸ் பந்துப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மட்டைபிடிக்கும் அணியின் ஆளே நடுவராக நிற்பான், எல்பிடபிள்யூ கிடையாது. ஏன் கிடையாது? காலில் பட்ட பந்துக்கு நடுவரின் சொல்லை நம்பவேண்டும். நம்ப மாட்டோம். ஆகவே ஆட்டத்தின் விதி ஒன்றையே வெட்டி எறிந்துவிட்டு நிம்மதியாக ஆடுகிறோம். நடுவில் நிற்பவன் நம் ஆளாக இருப்பான், அல்லது எதிரியின் ஆளாக இருப்பான், மூன்றாவது வகை இல்லை என்பதைப் பத்து வயதில் கற்றுக்கொள்ளும் சிறுவன்தான் பிற்காலத்தில் அலுவலராகிறான், தேர்வாளராகிறான், இலக்கியப் பரிசுக் குழுவிலும் அமர்கிறான்.

பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையில் அரசனின் நீதியாகிய செங்கோன்மை பொருட்பாலில் வருகிறது. நடுவு நிலைமை என்னும் பன்னிரண்டாம் அதிகாரமோ அறத்துப்பாலில், இல்லறவியலில் இருக்கிறது. அதாவது அது தீர்ப்புச் சொல்லும் பதவியில் இருப்பவனுக்கு மட்டும் உரிய அறமாக வைக்கப்படவில்லை. வீட்டில் இருந்து வேடிக்கை பார்ப்பவனுக்கும் சேர்த்தே வைக்கப்பட்டிருக்கிறது. தன் அணிக்குச் சாதகமாக நடுவர் பிழைத்த அன்று, அது பிழை என்று உரக்கச் சொல்லத் துணியாதவர்கள், மறுநாள் அவரைக் குருடன் என்று ஏசாமலாவது இருக்கட்டும்.